பின்னாலிருந்து கூப்பிட்டேன்

கொடைக்கானலில் எங்கள் துப்பாக்கி கிளப்பின் உள்ளரங்கில், பிறர் சுடுவதையும் எண்ணிக்கொண்டிருப்பது என் வழக்கம். பள்ளங்கி கிராமத்து விவசாயி முருகேசன் மேசை முன் உட்கார்ந்து துப்பாக்கியில் ஐந்து தோட்டா போட்டார். நான்குதான் வெடித்தது. அதற்குள் அவர் எழுவதைப் பின்னாலிருந்து பார்த்துப் பதறி, காதடைப்பையும் மீறிக் கேட்கும்படி, "முருகேசு, இன்னும் ஒண்ணு கெடக்குப்பா" என்று கத்தினேன்.

என்னைப்போல் வயதில் மூத்தவர்களுக்கு முதுகு காட்டிப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். "என்னங்கய்யா?" என்று துப்பாக்கியோடு திரும்பினார். விரல் விசையில் பட்டு வெடித்தது. தோட்டா பக்கத்துச் சுவரைப் பெயர்த்தது. தெறித்த சில்லு என் கன்னத்தைக் கிழித்து, சட்டையெல்லாம் ரத்தம்.

துண்டால் அழுத்தியபடி முருகேசன் அழுதார். "கொன்னுருப்பேனேய்யா. எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

ஏழு தையல். இப்போதும் எண்ணுகிறேன். ஆனால் சுடுபவர் துப்பாக்கியை மேசையில் வைத்துக் கையை எடுக்கும்வரை வாய் திறப்பதில்லை. முருகேசனிடமும் சொல்லிவிட்டேன்: "யாரு கூப்பிட்டாலும் திரும்பாதப்பா. முதுகைக் காட்டியே பேசு."