ஸ்ட்ராங், பால் கம்மி

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் டீயை ஸ்பூனால் ஊட்டுகிறோம். பாரிசுக்கு வெளியே, ரயில் பாதையின் கடைசியில் இருக்கிற சின்ன ஊர். பிற்பகலில் ‘கூத்தே’ என்று ஒரு சிற்றுண்டி வேளை உண்டு. தள்ளுவண்டியில் பிஸ்கட்டும் டீயும் வரும். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களுக்கு மட்டும் டீயில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து, தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். தண்ணியாகக் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். மதாம் ஒதெத் என்கிற கிழவி முதல் ஸ்பூனிலேயே வாயை இறுக்கிக்கொள்வாள். “இது டீ இல்லை” என்பாள் பிரெஞ்சில். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் “கொஞ்சம், மதாம், கொஞ்சமே கொஞ்சம்” என்று கெஞ்சியபடி அடுத்த ஸ்பூனை நீட்டுவேன்.

அவள் நன்றாக இருந்த நாளில், ஒரு பிரியத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த தூளைப் பாலோடு கொதிக்கவிட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டு ஒரு கப் கொடுத்தேன். இவர்களுக்கு டீ என்பது வெந்நீரில் ஒரு பையை முக்கி எடுப்பது. பால் சேர்ப்பவர்கள் அபூர்வம். மதாம் ஒரு வாய் குடித்துவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “அருமையான சூப். உப்புதான் கொஞ்சம் போதவில்லை.” எனக்கு அதை விளக்குகிற அளவுக்குப் பிரெஞ்சு அப்போது வராது. “மெர்சி, மதாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் நெட்டப்பாக்கத்துக்குப் பக்கம், ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி. அப்பா கரும்பு வெட்டப் போவார். ரோட்டு டீக்கடையில் அவர் சைக்கிள் திரும்புவதைப் பார்த்ததும் மாஸ்டர் கிளாஸில் டிகாஷனைக் கூடுதலாக ஊற்றிவிடுவார். ஸ்ட்ராங், பால் கம்மி. அப்பா அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் கடையில் ஒருவர் டீ எப்படி வேண்டும் என்று சொல்லிக் கேட்டால் அவர் வெளியூர் என்று அர்த்தம். டீ வெல்லப்பாகு நிறத்தில் இருக்க வேண்டும் அப்பாவுக்கு. அதற்கு மேல் ஒரு சொட்டுப் பால் விழுந்தாலும், “இது காச்சக்காரனுக்குக் குடுக்கிறது” என்று நகர்த்திவிடுவார். நானோ சின்ன வயதிலிருந்தே பால் தூக்கலாகக் குடிப்பவள். “இவளுக்கு டீத்தூளைக் காட்டுனாப் போதும்” என்று கடையில் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குவார்.

என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி. வந்தவர்களுக்கு மரியாதை என்று அம்மா தண்ணீரே சேர்க்காமல் பாலிலேயே டீ போட்டிருந்தாள். அப்பா அவர்களோடு உட்கார்ந்து, அந்தக் காய்ச்சல்காரன் டீயை, ஆடையோடு, கடைசி வாய் வரைக்கும் குடித்தார். அவருக்கு என்னை அவ்வளவு தூரம் அனுப்ப எவ்வளவு பயம் இருந்தது என்று அந்தக் கிளாஸைக் கழுவும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் பொங்கல் கழிந்து அப்பாவுக்கு வாதம் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. தம்பி செல்வம் சேதராப்பட்டில் ஷிப்டுக்குப் போகிறவன். அவன் மனைவி மலர்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அப்பா டீ கேட்டார். செல்வம் பாவம், கடையிலிருந்து அவருடைய டீயை வாங்கி வந்து கொடுத்தான். புரையேறி, காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, மறுபடியும் ஆஸ்பத்திரி. நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்த லீவெல்லாம் அதோடு தீர்ந்தது.

இங்கிருந்து அந்த வெள்ளைப் பொடியை, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரம் கழித்து மலர் பேசினாள். “அக்கா, பாரிஸ் சத்துமாவு சூப்பரா இருக்குதுக்கா. பரீட்சை வருதேன்னு புள்ளைக்கும் பால்ல போட்டுக் குடுத்தேன். அல்வா மாரி ஆயிடுச்சி.” சிரித்துவிட்டேன். போனை வைத்ததும் அழுகை வந்தது.

பொடி எதற்கென்று நான் புரியவைத்து, மலர் அதை டீயில் கலக்கிக் கொடுத்தால் அப்பா துப்பிவிட்டார். “இன்னாடி இது? டீ கேட்டா கூழு குடுக்கிற!” பேச்சு குழறினாலும் கோபம் குழறவில்லை. வீடியோவில் பேசிக்கொண்டிருந்த செல்வம் போனை அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

“டாக்டர் சொன்னா கேக்கமாட்டேங்கறாருக்கா. நீதான அங்க இதே வேல செய்யிற. பொடி போடாம ஒரு வாய் குடுக்கட்டுமா, வேணாமா? நீயே சொல்லு.”

அப்பா என்னையே பார்த்தார். “ஒரு வாய்தாம்மா.”

வேண்டாம் என்றேன். எத்தனையோ பேரைப் பார்த்தவள், அந்த ஒரு வாய் என்ன செய்யும் என்று தெரிந்தவள், வேறு என்ன சொல்வேன்? மலர் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போவது போனில் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் கேட்காமலே கிடைத்த ஒன்றை மனிதர் வாய்விட்டுக் கேட்கிறார். நான் இவ்வளவு தூரத்திலிருந்து தடுக்கிறேன். தடுப்பது சரி என்று தெரிந்தும் மனசு ஆறவில்லை. மறுநாள் மதாம் ஒதெத் வாயை மூடிக்கொண்டாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். அப்பா, டீ என்று இரண்டே வார்த்தை சொன்னேன். அவர் டீ குடிக்க வரப்போகிறார் என்று புரிந்துகொண்டு, “வரச் சொல், வரச் சொல்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசுவோம். அங்கே அது டீ நேரம். போன மாதம் அப்படிப் பேசும்போது தெரியாத்தனமாக என் கப்பைக் கையில் வைத்திருந்தேன். அப்பா கண்ணைச் சுருக்கினார்.

“இன்னா அது, பாலா?”

“டீதாம்பா.”

“தூளைக் காட்டினியா?”

மலர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அப்பா மூச்சு வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துச் சொன்னார். “எனக்குப் போடற மாரி போடு. நீ குடி. நான் பாக்கறேன்.”

அன்றிலிருந்து இதுதான் நடக்கிறது. போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, தூளைக் கொதிக்கவிட்டு, கண்ணாடி டம்ளரில் வடிகட்டி, பாலைத் துளித்துளியாக ஊற்றுகிறேன். போதும் என்று அவர் நல்ல கையைத் தூக்குவார். வெல்லப்பாகு நிறம். எனக்கு அது கசப்பு. குடித்த அரைமணியில் வயிறு எரியும். இன்றைக்கும் குடித்தேன். நான் விழுங்க விழுங்க, அங்கே அப்பாவின் தொண்டை என்னோடு சேர்ந்து ஏறி இறங்கியது. எச்சில் புரையேறிவிடப் போகிறதே என்று மலர் அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

“சூடு இருக்குதா?” என்றார்.

“இருக்குதுப்பா.”

“சக்கர?”

“சரியா இருக்குது.”

காலி டம்ளரைத் திருப்பிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது என்று போனை எடுக்கப் போனேன்.

“இன்னொரு கிளாஸ் குடிம்மா” என்றார்.

மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.