கணவாய் ஏற்றத்தில் நின்ற கூட்ஸ்

கூட்ஸ் வண்டியைப் படம் பிடிப்பவனுக்குக் கிடைக்கும் கூலி வெயில் ஒன்றுதான். என்னைப் போலக் கேமராவோடு தண்டவாள ஓரத்தில் காய்ந்தவர்களுக்கு இது தெரியும். கடைசியாகச் சொல்லப்போகும் சம்பவத்தை நானே பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை.

பொட்டலில் ஒரு விசாரணை

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, ஏலக்காய் எஸ்டேட்டில் குரூப் போட்டோ. சோறு அதில்தான். உயிர் மட்டும் மதுரைக்குப் போகும் கூட்ஸ் வண்டியில் இருந்தது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில், கல்லும் கருவேலமும் தவிர ஒன்றுமில்லாத பொட்டலில், முழு வண்டியும் வளைந்து வர, கரும்புகை மேலே எழும்ப ஒரு படம். அந்த ஒன்றுக்காகத்தான் அலைந்தேன். போனால் வண்டி வராது. வந்தால் புகை இருக்காது.

அங்கே ஆடு மேய்த்த அம்மா ஒருவர் என்னை வெகுநேரம் பார்த்தார். ரயிலைப் படம் எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் கேட்டார்: "ஏன் அப்பு, இப்பக் கூட்ஸ் வண்டிக்கும் மாப்ள பாக்குறாகளா?"

கண்ணாடிக்குள் ஒரு வண்டி

ஓரளவு தேறிய ஒரு படத்தைப் பெரிதாக்கி ஸ்டுடியோ வாசல் கண்ணாடிக்குள் மாட்டினேன். பெருமைதான், மறைக்கவில்லை. ஏலக்காய் வியாபாரி ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேகன் வேகனாகப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்தார்: "வண்டி சோக்காத்தான் இருக்கு. எஞ் சரக்கு எந்த வேகன்ல போகுதுன்னுதான் தெரியல!"

அசையாதீங்க

கூட்ஸ் டிரைவர் சுருளியண்ணன் குடும்பத்தோடு படம் எடுக்க வந்தார். நாலு பிள்ளைகள், நாலு திசை. "அசையாதீங்க, அசைஞ்சா படம் கெட்டுப்போகும்" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியது. ஒருவழியாக முடிந்ததும், கணவாயில் அவர் வண்டியைப் படம் பிடிக்க ஆசை என்றேன். "ஒனக்கில்லாததா!" என்றவர், வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "லோடு வண்டிய நிறுத்திப்புடலாம்யா. எம் புள்ளைகள நிறுத்த முடியாது."

அந்த நாள்

கேமராவில் ஒரே ஒரு படம் மிச்சம். தூரத்தில் விசில். வந்துவிட்டது! வளைவில் எஞ்சின் திரும்புகிறது, பின்னாலேயே வேகன்கள், அவற்றுக்கும் பின்னால் மேற்கு மலை நீலமாக. புகை போதாது, இன்னும் கொஞ்சம் நெருங்கட்டும் என்று விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருக்கிறேன்.

வண்டி மெதுவாகி, என் எதிரே நின்றேவிட்டது. இருந்த புகையும் போயிற்று. எஞ்சின் வாசலில் சுருளியண்ணன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கையைத் தொடையோடு ஒட்டி, ஸ்டுடியோவில் நின்றது போலவே விறைப்பாக நின்றார். "அசையாம நிக்கிறோம், எடு தம்பி!"

எனக்கு அழுகையே வந்தது. "நிக்காதீங்கண்ணே! போங்க! போங்க!" என்று குதித்தேன். பின்னால் பெட்டியிலிருந்து கார்டு கத்தும் சத்தம் வேறு. சுருளியண்ணன் உள்ளே பாய்ந்தார். ஏற்றத்தில் நின்ற லோடு வண்டி லேசில் கிளம்புமா? சக்கரம் இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுற்றியது. எஞ்சின் உறுமியது. கன்னங்கரேலென்று ஒரு புகை, பனைமரம் பனைமரமாக எழுந்து, வானத்தை மூடியது. அமுக்கினேன். எஞ்சினுக்குள்ளிருந்து அவர் குரல்: "இப்ப அசையுது, நான் என்ன செய்ய!"

நின்றது ஏன்

என் பேரைச் சொல்ல மிஞ்சிய படம் அது ஒன்றுதான். "தம்பிக்காக லோடு வண்டியவே நிறுத்துனேன்" என்று சுருளியண்ணன் டீக்கடை தோறும் சொன்னார். ஆனால் ரயில்வேக்காரர் ஒருவர் சிரித்தார்: "அந்த ஏத்தத்துல ஆவி பத்தாம எத்தனையோ வண்டி நின்னுருக்கு."

அப்படியானால் அந்தப் புகை அண்ணன் எனக்குத் தந்த பரிசா, வழியில் கிடந்ததை எடுத்துக்கொண்டேனா? படத்தைப் பார்க்கும் போதெல்லாம் இது என்னை அரித்தது. எனக்கு ஐம்பது தாண்டிய பிறகு, ஓய்வுபெற்றுப் போடியிலேயே இருந்த சுருளியண்ணனிடம் படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "பாத்தியா, ஒனக்காக நிறுத்துனது!" என்று மலர்ந்தார். வீம்புக்குத்தான் கேட்டேனோ என்னவோ, கேட்டுவிட்டேன்:

"அண்ணே, அன்னைக்கி நான் அங்கன நிக்காட்டி, வண்டி அங்கன நின்னுருக்குமா?"