சொன்ன பேச்சைக் கேட்காத நாய்

இங்கிலீஷில் சொன்னால் உடனே புரிந்துகொள்ளும் முதல் ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. அது ஒரு கறுப்பு நாய். அது வந்ததால் என் வேலை போயிற்று.

என் வேலை அத்தையைக் கூட்டிப்போவது. அப்பாவின் அக்காவான அவருக்கு ஏதோ காய்ச்சலில் பார்வை போய்விட்டிருந்தது. ஞாயிறுதோறும் என் தோளில் இடது கையை வைத்துக்கொண்டு, காபி எஸ்டேட் குறுக்குப் பாதையில் என் பின்னால் சர்ச்சுக்கு வருவார். வலது கையை முகத்துக்கு முன்னால் தூக்கியே வைத்திருப்பார். பார்வை இல்லாதவர்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். குழி, கல், சாணி என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். இரண்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் தடுக்கி விழவில்லை. எதிரில் வருபவர்கள் என்னைக் கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

வழியில் சில சமயம் பின்னாலிருந்து "ஸ்" என்று சத்தம் வரும். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நட சாமி" என்பார். அவர் நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கமோ சிராய்ப்போ இருக்கும். அதைக் கேட்டால், "கதவுல இடிச்சுக்கிட்டேன் கண்ணு" என்பார்.

நாயைப் பழக்கிய அக்கா மலைக்குக் கீழே டவுனிலிருந்து வந்து பத்து நாள் தங்கினார். நாய்க்குக் கைப்பிடி வைத்த ஒரு பெல்ட் உண்டு. அதை மாட்டிவிட்டால் நாய் வேலையில் இருக்கிறதாம். யாரும் தொடக்கூடாது, தின்னக் கொடுக்கக்கூடாது. நான் வேலையில் இருந்தபோது என் கன்னத்துக்கு இந்தப் பாதுகாப்பையெல்லாம் யாரும் தரவில்லை. பத்து நாளும் அந்த அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நாய் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, யார் துணையும் இல்லாமல் அத்தையும் நாயும் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தால் நாய் எங்களுக்கு. இல்லாவிட்டால் அந்த அக்கா அதைத் திரும்பக் கூட்டிப்போய்விடுவார். அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. "யாரையும் எதிர்பார்க்காம ஒரு நாளாச்சும் நானா போயிரோணும்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் என்ன குறை வைத்தேன் என்று அழுகையாக வந்தது. நாய் தோற்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன்.

அன்று அவர்கள் முன்னால் போக, அந்த அக்காவும் நானும் தள்ளி நடந்தோம். வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்த வாரம் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் நாய் நின்றுவிட்டது.

"ஃபார்வர்ட்" என்றார் அத்தை. நாய் அசையவில்லை. மறுபடி அழுத்திச் சொன்னார். அது அவர் காலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டது. நான் பாதையைப் பார்த்தேன். ஒரு குழி இல்லை, கல் இல்லை. ஜெபம் பலித்துவிட்டது!

உத்தரவை மறந்து ஓடினேன். நாயைத் தாண்டிப் போய் எதிரில் நின்று, "ஏனுங்க அத்தை, இது சொன்ன பேச்சு கேக்க மாட்டீங்குதுங்க. இங்க ஒண்ணுமே இல்லீங்க. நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அத்தை கையை விடுவித்துக்கொண்டார். அப்படி அவர் செய்தது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தக் கையை முன்னால் நீட்டித் துழாவினார். அரைகுறையாக வெட்டப்பட்டு, பாதைக்குக் குறுக்கே சாய்ந்து தொங்கிய கிளையில் கை பட்டது. வெட்டிய கூர்முனை அவர் புருவத்துக்கு நேராக இருந்தது. நான் அதற்கு அடியில்தான் நின்றிருந்தேன். என் தலைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

அத்தை குனிந்து நாயைக் கட்டிக்கொண்டு, "நொம்ப நல்ல புள்ள" என்றார். இப்படிப் பேச்சைக் கேட்காமல் நிற்பதற்காகத்தான் இத்தனை மாதம் பழக்கியது என்றார் அந்த அக்கா. எனக்குத் தலையே சுற்றியது. அன்று காலையில்தான் தலைவாரக் கூப்பிட்டும் போகாததற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியிருந்தேன்.

கிளையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச தூரத்தில் அத்தையின் வலது கை கீழே இறங்கியது. பிறகு வீசி வீசி நடக்க ஆரம்பித்தார். மறந்துவிட்டார் போல என்று ஓடிப்போய், "அத்தை, கையைத் தூக்கிக்கோங்க" என்றேன்.

"இனி வேண்டாஞ் சாமி" என்று என் உச்சந்தலையைத் தடவினார்.

நாய் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதன் பிறகு அத்தை கதவில் இடித்துக்கொள்வதும் நின்றுபோனது. கதவுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.