புளி போட்டுத் துலக்கிய துரை கார்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. நான் பிறந்தது உலு யாமில். கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் அதுவரை தோட்டத்து லோரி ஓட்டியவர். அந்த மாதம்தான் அவரை மேனேஜர் காருக்கு டிரைவராக மாற்றியிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர் மேனேஜராக வந்த பிறகும், அங்கே எல்லாருக்கும் அவர் துரைதான்.

என் வீட்டுக்காரருக்கு முன்னால் அந்தக் காரை ஓட்டியவர், கதவில் விழுந்த ஒரே ஒரு கீறலுக்காக மறுபடியும் செம்பனைக் குலை வெட்டப் போனார். இவர் டிரைவரான முதல் வாரமே குழாயடியில் இந்தக் கதையைச் சொல்லி என்னைப் பயமுறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பயம் இருந்தது. சும்மாவே அதட்டிப் பேசுகிற மனிதர், கார் வீட்டு வாசலில் நின்றால் இன்னும் மோசம். "கிட்டப் போவாத. உன் வளையல் பட்டாலே போச்சு" என்பார். இவரிடம் காலம் தள்ளுவது எப்படி என்று நான் மனத்துக்குள் புலம்பிய நாட்கள் அவை.

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலையில் கம்பெனியின் பெரிய அதிகாரி சுபாங் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். அவரை அழைத்துவர அந்தக் கறுப்புக் கார் போக வேண்டும். "முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டு, அஞ்சு மணிக்குப் பங்களாவுக்குக் கொண்டு வா" என்று துரை சொல்லி அனுப்பியிருந்தார். லோரிக்கு யார் பாலிஷ் போட்டார்கள்? என் வீட்டுக்காரருக்கும் இது புதுசு. கடையில் கேட்டு ஒரு டப்பா பாலிஷும் ஒரு டப்பா மெழுகும் வாங்கி வைத்திருந்தார்.

காரைக் கழுவி முடித்ததும் மனிதர் குளிரில் நடுங்க ஆரம்பித்தார். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையைப் போட்டுப் படுக்க வைத்தேன். அரைத் தூக்கத்தில், "தேய்க்கணும்... அஞ்சு மணிக்குப் போவணும்" என்று முனகிக்கொண்டே இருந்தார். கார் அப்படியே பங்களாவுக்குப் போனால், வந்த ஒரு மாதத்திலேயே இவர் வேலை போய்விடும்.

தேய்க்கிற வேலைதானே, எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அம்மா வீட்டுக் குத்துவிளக்கை வெள்ளிக்கிழமை தவறாமல் துலக்கி வளர்ந்தவள் நான். என் கையில் விளக்கு தங்கமாக மின்னும் என்று பேர் வாங்கியிருக்கிறேன். டப்பாவில் இருந்ததைத் திறந்து பார்த்தேன், சேறு மாதிரி இருந்தது. இதை நம்பினால் ஆகாது என்று புளியைக் கரைத்தேன், அடுப்புச் சாம்பலைச் சலித்துச் சேர்த்தேன், தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு காரின் எஞ்சினுக்கு மேலே இருக்கும் முன்மூடியில் ஒரு தாம்பாளம் அளவுக்கு அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். கறுப்பு பளபளவென்று மின்னியது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ஈரம் காயும் வரைக்கும்தான். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற, நான் தேய்த்த இடம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்தது. குனிந்து பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். ஒரு கீறலுக்கே ஒருத்தர் வேலை போன கார் அது. நான் எண்ண முடியாத அளவுக்குப் போட்டு வைத்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப் போன கதை.

உள்ளே ஓடித் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து தடவினேன். கீறல் எல்லாம் மறைந்தது! 'அம்மா மாரியாத்தா' என்று பெருமூச்சு விட்டேன். ஆனால் அந்தச் செம்மண் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனதுதான் தாமதம், கிளம்பிய புழுதி எல்லாம் எண்ணெயில் வந்து அப்பிக்கொண்டது. சவர்க்காரம் போட்டுத் துடைத்தால் எண்ணெயோடு அழகும் போய், கீறல் மறுபடி பல்லைக் காட்டியது.

அவரை எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று வாசல்படி வரை போனேன். அந்த அதட்டல் குரல் காதில் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம்தான் டப்பாவைக் கையில் எடுத்து, ஒழுங்காகப் படித்தேன். மலாயில் எழுதியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த மலாயை வைத்து எழுத்துக் கூட்டினேன். 'தெடோ' என்றால் நிழல். வெயிலில் நிற்கிற காரில் போடக் கூடாதாம். மெல்லிய துணி வேண்டுமாம். கொஞ்சமாக எடுக்க வேண்டுமாம். நான் செய்தது மூன்றுக்கும் நேர் எதிர்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நிழலைக் காரிடம்தான் கொண்டுவர வேண்டும். வீட்டில் கிடந்த பழைய லோரிப் படுதாவைத் துணி காயப்போடும் கம்பியிலிருந்து காருக்கு மேலே இழுத்துக் கட்டினேன். தகரம் சூடு ஆறும்வரை பக்கத்தில் நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை முன்மூடியில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை. யார் கண்ணிலும் படாத கதவின் அடிப்பக்கத்தில், அவருடைய பழைய பனியனில் ஒரு பொட்டு பாலிஷைத் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் கன்னங்கரேலென்று இருந்தது. காரின் சாயமே கழன்று வருகிறது! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தேய்த்த இடத்தைச் சுத்தத் துணியால் துடைத்தேன். அங்கே என் முகம் தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது, மேலே செத்துப்போன சாயம் கொஞ்சம் உதிர்ந்தால்தான் கீழே இருக்கிற பளபளப்பு வெளியே வரும். அதிகமாகத் தேய்த்தால் சாயம் மொத்தமும் போய்விடும். எங்கே நிறுத்துவது என்பதை எந்த டப்பாவும் சொல்லவில்லை.

முன்மூடிக்கு வந்தேன். நாலு தேய்ப்பு, ஒரு துடைப்பு. குனிந்து வெளிச்சத்தில் பார்ப்பது, மறுபடி நாலு தேய்ப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன். வட்டக் கீறல்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. அந்த வேகத்தில், முன்மூடியின் நடுவில் மடிப்பு மாதிரி எழும்பியிருக்குமே, அந்த விளிம்பை மறந்துபோனேன். விளிம்பில் சாயம் மெலிசு போலிருக்கிறது. கறுப்புக்கு அடியில் இருந்த பூச்சு, நகம் அளவுக்கு ஒரு செங்காவிக் கோடாக எட்டிப் பார்த்தது. கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன். அது இனி எதைப் போட்டாலும் போகாது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அந்தக் கோட்டைத் தொடாமல் மீதிக் காரைத் தேய்த்து முடித்து, மேலே மெழுகைப் பூசி, காய்ந்ததும் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பாதையில் ஜீப் சத்தம். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. துரையே நேரில் வந்துவிட்டார்.

"எங்க டிரைவர்?" என்றார்.

"காய்ச்சல் தொர. படுத்திருக்காரு."

துரை காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் முன்மூடியை மறைத்துக்கொண்டு நின்றேன். நகரும்படி கையால் காட்டினார். நகர்ந்தேன். அவருடைய விரல் நேராக அந்தக் கோட்டில் போய் நின்றது.

"இது என்னா இது? யாரு பண்ண வேலை?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான் தொர. என் தப்புதான்."

திரும்பினால், போர்வையைச் சுற்றிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் நிற்கிறார். கண் சரியாகத் திறக்கக்கூட இல்லை.

எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ. "இல்ல தொர, அவரு காரக் கழுவிட்டுப் படுத்தவரு, எந்திரிக்கவே இல்ல. நான்தான் தேய்ச்சேன். மொதல்ல புளியும் சாம்பலும் போட்டேன், வெளக்கு வெளக்குற மாரி. அது கெட்டுப்போச்சு. அப்பறம் டப்பாவப் படிச்சு சரி பண்ணேன். இந்தக் கோடு மட்டும் போவல. வேலைய விட்டு எடுக்காதீங்க தொர!" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

துரை என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"புளியா?"

"ஆமாங்க தொர."

அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. கதவருகே போய் என் வீட்டுக்காரர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "இந்தக் காய்ச்சல்ல இவன் எங்க லா சுபாங் வரைக்கும் ஓட்டுறது? நாளைக்கு நானே ஓட்டிக்கிறேன். நீ டிரெசர வரச் சொல்லி ஊசி போடு" என்றார். டிரெசர் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்பவர். பிறகு ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு, சாவியை வாங்கிக் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினார். "காய்ச்சல் விட்டதும் வேலைக்கு வரச் சொல்லு. புளியக் கொழம்போட வச்சிக்க."

கார் வளைவில் மறைகிற வரைக்கும் நான் அசையவில்லை. பிறகு அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். இப்போது அதட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"ஏங்க, காருக்கு என்னா ஆச்சுன்னு பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"அவரு சத்தம் போட்டாரு. எதிர்ல நீ நின்ன. அதான்" என்றார். அதற்கு மேல் பேசத் தெம்பில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார்.

இன்றைக்கும் அவர் அதட்டல் குறையவில்லை, என் வாயும் குறையவில்லை. எங்கள் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும், என்ன தப்பு என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் காய்ச்சலோடு எழுந்து வந்த மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியும்?