மடிப்புக்குள் இருந்த வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாத ஆள் நான். நம்பாததோடு விடாமல், நம்புகிறவனையும் பிடித்து உட்காரவைத்துக் கேள்வி கேட்டே உயிரை எடுப்பேன். என் கல்யாணமே ராகு காலத்தில், அதுவும் வேண்டுமென்றே பார்த்து வைத்த ராகு காலத்தில் நடந்தது. சந்தேகமிருந்தால் போட்டோ காட்டுகிறேன், மாலைக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் தெரியும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், சிரிப்பதானால் முழுசாய்க் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பம்மலில் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். மனைவி ரோசி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வீடு செம்பாக்கம் ஏரிப் பக்கம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்து, வலது கையும் போச்சு, பேச்சும் போச்சு. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "இல்ல." வலிக்கிறதா என்றாலும் இல்ல, தண்ணீர் வேண்டுமென்றாலும் கிளாஸைக் காட்டி இல்ல. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்த பொம்பளைங்க அவள், தூக்கத்தில்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுவாள். வீடு அப்படி அமைதியாய் ஆனதும் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

பிசியோதெரபிக்கு வந்த பெண், இடது கையால் எழுதிப் பழகட்டும், பேச்சும் மெல்ல வரலாம் என்றாள். நான் எல்.கே.ஜி. பிள்ளைகளின் நோட்டு ஒன்று வாங்கிவந்து மேலே 'அ' போட்டுக் கொடுத்தேன். ரோசி எழுதிப் பார்த்தாள். கோணிக்கொண்டு போனது. நோட்டைத் தூக்கி அடித்தாள் பாருங்கள், மின்விசிறியில் பட்டு விழுந்தது. எத்தனை பிள்ளைகளுக்குக் கைபிடித்து வரையச் சொல்லிக்கொடுத்தவள்! அதற்கப்புறம் பேனாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்போதுதான் அவள் தம்பி அன்பு வந்தான். பம்மலில் தோல் பதனிடுகிற பழைய டேனரி ஷெட் ஒன்றை இடிக்கிற வேலையை எடுத்திருந்தவன். சுவரை இடித்தபோது உள்ளேயிருந்து ஒரு புத்தகம் விழுந்ததாம். அட்டை மட்டுமில்லை, உள்ளே இருக்கிற பக்கங்களும் ஆட்டுத்தோல். அதில் என்னவோ எழுத்து, பேர் தெரியாத செடிகொடி. படித்தவர்களிடம் காட்டியிருக்கிறான், எந்த மொழியென்றே தெரியவில்லை என்று எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். அக்காவுக்கு வேடிக்கை காட்டலாமென்று ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தான்.

ரோசி அந்தத் தாள்களை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டிப் பேனா கேட்டாள். கேட்டு, முதல் எழுத்தை வரைந்தாள், அடுத்ததையும் வரைந்தாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகுதான் புரிந்தது. யாருக்கும் தெரியாத எழுத்தில் தப்பு என்று சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

தினமும் மதியம் சாப்பிட்டதும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். நான் லேத்காரன், ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் உறுத்தும். அவள் வரைந்ததை ஜெராக்ஸ் மேல் வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்ப்பேன். போகப்போகக் கோடு கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. ஒருநாள் பார்த்தால் பக்கத்தின் அடியில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. வரிக்குப் பக்கத்தில் கை மாதிரி ஒரு இலை, ஒரு விரல் மட்டும் மடங்கினாற்போல.

"இன்னா ரோசி, இந்த வரி ஜெராக்ஸ்ல கிடையாதே?"

"இல்ல," என்றாள்.

"அதத்தான் நானும் சொல்றேன். இல்ல."

"இல்ல! இல்ல!" என்று மேஜையைத் தட்டினாள், கண்ணில் தண்ணீர்.

அன்புக்குப் போன் போட்டேன். புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் அடியைப் பார்க்கச் சொன்னேன். "மாமா, அந்தப் பக்கம் கீழ மடங்கி ஒட்டிகினு கீது. உள்ள இன்னா கீதுன்னு நானே பாக்கல."

ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல மழை, கரண்ட் இல்லை. லுங்கியில் சுற்றிப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். "பிரிச்சா கிழிஞ்சிரும் மாமா" என்று பயந்தான். சுற்றிலும் டேனரி இருக்கிற பம்மலில் தொழில் செய்தவனுக்குத் தோல் ஈரத்தில் இளகும் என்று தெரியாதா? இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, மடிப்பை ஆவியில் காட்டினேன். மெல்ல விட்டுக்கொடுத்தது. உள்ளே ஒரு வரி. பக்கத்தில் விரல் மடங்கிய இலை.

"ஏசப்பா" என்றான் அன்பு. நான் ரோசியின் தாளை அதற்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், அப்போதும் அதேதான்.

அப்போது ரோசியின் வலது கை நகர்ந்தது. செத்துக் கிடந்த கைங்க அது. நகர்ந்து போய் அந்த வரியின் மேல் விரலை வைத்தது. வாயைத் திறந்தாள். "இல்ல" என்றுதான் வரும் என்று நினைத்தேன். அவள் படித்தாள். தடங்கல் இல்லாமல், அவளுடைய பழைய குரலில், எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத ஒரு பாஷையில். இருப்பது ஒரே வரி, மழை விடும்வரை படித்தாள். அந்தக் குரலைத் திரும்பக் கேட்டதே எனக்குப் போதும், வேறெதுவும் தோன்றவில்லை.

படித்து முடித்துத் தூங்கிப்போனாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து, "ஏங்க, காபி கிடைக்குமா?" என்றாள். நம்பினால் நம்புங்கள். காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு எடுத்துப் போனேன், அதற்கும் திட்டினாள், திட்டத் திட்ட நான் அழுதேன். படித்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. இப்படியும் சிலருக்குத் திரும்புவதுண்டு என்றார் டாக்டர். இருக்கட்டும், அவர் படித்தவர்.

ஆனால் அவள் படித்ததை அன்பு போனில் பதிவு செய்திருந்தான். போட்டுக் காட்டினான். அதில் ரோசியின் குரல் இல்லை. மழைச் சத்தம் இருக்கிறது, நடுநடுவே நான் கதை கேட்கிறவன் மாதிரி "ம்", "ம்" என்று உம் கொட்டுகிறேன். நான் வாயே திறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் கொஞ்சம் இடைவெளி விட்டு, தெளிவாக என் குரல்: "சரி, எடுத்துக்கோ."

"யார்கிட்ட மாமா சொன்னீங்க?" என்றான் அன்பு. எனக்கெப்படித் தெரியும்? புத்தகத்தை அதே லுங்கியில் சுற்றி எடுத்துப் போனான், இன்னும் அவன் வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது.

என்ன எடுத்தார்களோ என்று பயந்து உடம்பெல்லாம் பரிசோதித்துப் பார்த்தேன். கண், காது, இருதயம் எல்லாம் சரி. சரி, மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். போன மாதம் ரோசி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், "நம்ம கல்யாணத்தன்னைக்கு மாலைய மறந்து வச்சிட்டு, நீங்க பாதி ஷேவிங்கோட தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடுனீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகத்தில் தேடினேன். மாலை இல்லை, மார்க்கெட் இல்லை, அவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்பதும் இல்லை. முந்தின நாள் இருக்கிறது, மறுநாள் இருக்கிறது. ஆரம்பத்தில் ராகு காலம், கடிகாரம் என்று சொன்னேனே, அதெல்லாம் போட்டோவைப் பார்த்துச் சொன்னதுதான். அந்த நாள் என்னிடம் இல்லை.

அவளிடம் சொல்லவில்லை. கொடுத்ததில் வருத்தமும் இல்லை, இன்னொரு நாளைக் கேட்டாலும் கொடுப்பேன். அந்தக் கல்யாணக் கதையை அடிக்கடி சொல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. அவள் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.