ராணிக்குப் போட்ட ஊசி

பக்கத்து வீட்டு பாய் நோன்புக்குக் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி இனிப்பை ஒரு தட்டு கொடுத்தனுப்பியிருந்தார். வாயில் வைக்குமுன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "என்ன, பூச்சி கெடக்கா?" என்றாள் மனைவி. பழக்கதோஷம். 1950களில் ராயபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்குச் சம்பளமே இப்படித் தூக்கிப் பார்ப்பதற்குத்தான்.

அங்கே இதே கடல்பாசியில் சர்க்கரைக்குப் பதில் ஆட்டு ரத்தம் கலந்து கண்ணாடித் தட்டில் உறையவைப்போம். அதன்மேல் நோயாளியின் சீழைத் தடவி, மருந்தில் நனைத்த காகிதப் பொட்டுகளை வைப்போம். மறுநாள் எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வளையம் விழுகிறதோ, அந்த மருந்து கேட்கும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறீர்கள் என்றால் மன்னியுங்கள்.

ரத்தம் தந்தவள் கொல்லையில் கட்டியிருந்த ராணி என்ற செம்மறி. எங்கள் டாக்டர் என்னை 'டேய்' என்பார், அவளைக் 'கண்ணு' என்பார்.

காசிமேட்டில் மீன் விற்கும் முனியம்மா முள் குத்திய கையோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சல்பா மாத்திரை அவள் புண்ணுக்குக் கேட்கவில்லை. பெனிசிலின் கேட்கும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் அலமாரியைத் திறப்பார்கள். இல்லையென்றால் விரல்களை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் தட்டில் வளையமும் இல்லை, கிருமியும் இல்லை. "சுத்தம்! கிருமியே கிடையாது" என்று டாக்டர் பூரித்தார். முனியம்மா கட்டைப் பிரித்துக் கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கிருமி இல்லியா? அப்போ இது இன்னா நைனா, மோரா?"

மறுபடி தடவினோம். மறுபடியும் வெறும் தட்டு. இப்போது அவள் அழுதாள். "வெரலு பூட்ச்சின்னா மீனை எப்டி அரிவேன்? புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

டாக்டர் கொல்லைப் பக்கம் நழுவினார். ராணிக்குக் குளம்பில் புண். மனிதர்களுக்கே கிடைக்காத பெனிசிலினை எங்கிருந்தோ வாங்கி அவளுக்குப் போட்டுவந்தார் மனுஷன். அன்றைய ஊசியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ராணியின் ரத்தத்தில் பெனிசிலின். அந்த ரத்தத்தில்தான் எங்கள் தட்டு. கிருமி எங்கே வளரும்?

"டேய், முனியம்மாவுக்கு பெனிசிலின் கேக்கும்டா! ராணியே சொல்லிட்டா!"

ஆடு சொன்னதாக ஆஸ்பத்திரிக்கு எழுத முடியுமா? சட்டைக் கையை மடித்து என்னிடம் நீட்டினார். அவருடைய ரத்தத்தில் கிருமி அமோகமாக வளர்ந்தது. பெனிசிலின் பொட்டைச் சுற்றி மட்டும் அகலமாக ஒரு வெற்று வளையம். முனியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

"டாக்டரு சைவமாச்சே, கவுச்சி இல்லாமயே கிருமி பாதி செத்துருக்கும்" என்றாள்.

ஊசி கேட்டது. வெகுகாலம் அந்தக் கையால்தான் எங்கள் வீட்டுக்கு மீன் அரிந்து கொடுத்தாள். டாக்டரும் ராணியும் போய்ச் சேர்ந்தது இயற்கை. அந்த வளையம் போனதுதான் எனக்கு ஆறவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குள்ளேயே அதே கிருமி மருந்துக்குப் பழகி, பெனிசிலின் பொட்டை உரசிக்கொண்டு வளரத் தொடங்கிவிட்டது. இன்று முனியம்மா அதே கையோடு வந்தால் அந்த ஊசி அவளுக்குக் கேட்காது.