ஒன்பது மணிக் கருடன்

கறிக்கடைப் பக்கம் போனால் இன்னமும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். வெயிலில் வெந்த கோழிக் குடலின் வாடை. அது வந்தால் பின்னாலேயே அந்தப் பறவையும் வந்துவிடும்.

ஆரணியில் எங்கள் தெருக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நெருங்கிய சமயம். காலை ஒன்பது மணியானால் ஒரு செம்பருந்து. வெள்ளைத் தலை, செங்கல் நிறச் சிறகு. தறிச் சத்தத்துக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் இறங்கிவிடும். கருடன், கருடன் என்று தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும்தான். ஏரியில் மீன் அள்ளுகிற பறவைக்கு எதற்கு இந்த நேரக் கணக்கு என்று உறுத்த, ஒருநாள் மாடியேறிப் பார்த்தேன்.

கோயிலுக்குப் பின்னாலிருந்த அரிசி மில் கோடவுனின் ஷீட்டுக் கூரை முழுக்கக் குடல். புழு நெளிந்தது. காக்கைகளுக்கு நடுவே கருடன் கோழி மாதிரி தத்தித் தத்தி நடந்தது; மார்பு வெள்ளையெல்லாம் கொழகொழவென்று மஞ்சள்.

கோயில் கமிட்டித் தலைவன் என் மனைவியின் தம்பி. கேட்டதற்குச் சிரித்தான்.

"ஒரு மண்டலமா பழக்கிகினு இருக்கேன் மாமா. அன்னிக்கி ஒம்போது மணிக்குக் கலசத்துல தண்ணி ஊத்தறோம். மேல கருடன் சுத்தலன்னா ஊரு சாமியக் கேக்காது, என்னத்தான் கேக்கும்."

"அதுக்குக் கோழிக் குடலாடா? கோயிலுக்குப் பின்னாடியே?"

"சாமிக்கா வச்சேன்? கருடனுக்குத்தான. பேஜார் பண்ணாதீங்க. மைக்குல நீங்கதான் வர்ணனை. வந்ததும் கணீர்னு சொல்லிடுங்க."

கும்பாபிஷேகத்தன்று, சொல்லக்கூடாது என்றுதான் மேடை ஏறினேன். ஒன்பது மணிக்கு அது வந்தது. பட்டுச் சேலைகளுக்கு மேல் அத்தனை முகங்களும் அண்ணாந்தன. பிறகு என் வாயைப் பார்த்தன.

"கருட பகவான் வந்துவிட்டார்!"

என் குரல்தான். தழுதழுத்தது, அதுதான் கேவலம், நிஜமாகவே தழுதழுத்தது. ஜனங்கள் அழுதார்கள். அந்நேரம் மேலிருந்து ஒரு சொட்டு என் உதட்டில் விழுந்தது. தீர்த்தமாகத்தான் இருக்கும். தோல் எரியுமட்டும் வேட்டி முனையால் துடைத்தேன்.

பந்தியில் உட்காராமல் கிளம்பினேன். மைத்துனன் வாசல்வரை ஓடி வந்தான்.

"சாப்டாம போறீங்களே மாமா?"

"நாளைக்கும் ஒம்போது மணிக்கு வரும்டா அது."

"வரட்டுமே. வேல முடிஞ்சிச்சி, இனிமே எவன் போடுவான்?"